வாய்தாவுக்கு யார் போவது?

போன இதழ் அச்சுக்குப் போன வாரத்தில் எங்கள் வளவுச் சின்னம்மா ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் அவர் மகளின் மில் அடையாள அட்டை, வக்காலத்து நகல், மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோன ஒரு மனு. "ஏங்கண்ணு, நம்ம கேசு என்னாச்சுன்னு இனி ஆரப் போயிக் கேக்கறது? அந்த ஆபீசுல இப்ப செல்போன் கடை வெச்சிருக்கறாங்க" என்றார்.

அந்த ஆபீசில் நான்கு வருடம் களப்பணியாளனாக வேலை பார்த்தவன் நான். அந்த மனுவை எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கியவனும் நான்தான். ஆகவே இந்த இதழின் தலையங்கத்தை ஊரான் மீது குற்றப்பத்திரிகை வாசிப்பதாக எழுத எனக்கு வாய் வரவில்லை. என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

வெளியூர்த் தோழர்களுக்குச் சோமனூர் என்றால் விசைத்தறி. 'நெசவாளர் கூலி உயர்வுப் போராட்டம்' என்று செய்தித்தாளில் அடிக்கடி படித்திருப்பீர்கள். அங்கே கூலி கேட்பவர்கள் பெரும்பாலும் தறி வைத்திருப்பவர்கள். நூலும் பாவும் கொடுத்துத் துணி வாங்கிக்கொள்ளும் ஜவுளி உற்பத்தியாளர்களிடம் அவர்கள் கேட்கும் கூலி அது. நியாயமான கோரிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தறியை ராத்திரி ஷிப்டில் நின்று ஓட்டுகிறவனின் கூலி அந்தப் பேச்சுவார்த்தை மேசைக்கு வருவதில்லை. மேசையிலிருந்து இன்னும் தள்ளி இருப்பது எங்கள் வளவு. தோட்டத்துப் பண்ணையம், தோல், செத்த மாடு, சாக்கடை என்று தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்ட அருந்ததியர் வளவு. 90களுக்குப் பிறகு வளவு முக்கில் மில் வேன் வந்து நின்றது. ஏஜெண்ட் வந்தான். "மூணு வருசம் ஆஸ்டல்ல தங்கி வேலை செஞ்சா கல்யாணத்துக்கு மொத்தமாப் பணம்" என்றான். 30 ஆயிரம், 40 ஆயிரம், 50 ஆயிரம் என்று மில்லுக்கு மில் மாறியது. பேர் சுமங்கலித் திட்டம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகளில் பரவிய திட்டம் இது. 1961லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் போட்ட நாட்டில், பெண்ணின் கூலியைப் பிடித்து வைத்து அதையே சீர் என்று திருப்பித் தருவதற்குச் சுமங்கலி என்று பேர் வைத்தவன் மூளையைப் பாருங்கள். போனவர்களில் பெரும்பங்கு நம் பெண்கள்.

2011ல் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ என்ற ஆய்வு நிறுவனமும் இந்தியக் குழு என்ற அமைப்பும் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன, 2014ல் இன்னொன்று. அய்ரோப்பியக் கடைகளில் சட்டை வாங்குகிறவர்களுக்கு உறுத்தியது. உறுத்தல் நிதியானது, நிதி திட்டமானது, திட்டம் 2017ல் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. வட அய்ரோப்பிய நாடொன்றின் பணம் அங்குள்ள ஒரு தொண்டு நிறுவனத்துக்கு வந்து, அங்கிருந்து சென்னைப் பெரிய நிறுவனத்துக்கு வந்து, அங்கிருந்து எங்கள் பக்கத்துச் சின்ன நிறுவனத்துக்கு வந்து, கடைசியில் எனக்கு மாதச் சம்பளம் 9,500 ரூபாயாக வந்தது. யார் பேரையும் இங்கே எழுதப்போவதில்லை. அவர்களில் நல்லவர்கள் இருந்தார்கள். கெட்டவர்களைப் பற்றி எழுதுவது சுலபம், நல்லவர்களோடு வேலை செய்து தோற்றதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

சின்ன விசயத்திலிருந்து சொல்கிறேன். வளவில் மாதம் இரண்டு மீட்டிங். வருகிற பெண்களுக்கு டீயும் வடையும் கொடுக்கத் திட்டத்தில் பணம் உண்டு. வளவிலேயே ஒரு பாட்டி டீ போட்டு விற்பார், நல்ல டீ. இரண்டு மீட்டிங்குக்கு அவரிடம் வாங்கினேன். கணக்கர் வவுச்சரைத் திருப்பி அனுப்பிவிட்டார், அச்சடித்த பில் வேண்டுமாம். பில் புத்தகம் வைத்திருப்பது மெயின்ரோட்டுப் பேக்கரி மட்டும்தான். (எங்கள் பக்கம் டீக்கடைக்கும் பேர் பேக்கரிதான்.) அந்தப் பேக்கரியில் கவுண்டருக்குக் கண்ணாடி டம்ளர், நமக்குக் காகிதக் கப். இரட்டைக் குவளையைச் சட்டம் தடுத்துவிட்டது, காகிதக் கப்பைச் சட்டம் என்ன செய்யும்? சாதி ஒழிப்புப் பற்றிப் பேசும் மீட்டிங்குக்கு அந்தப் பேக்கரியிலிருந்து டீ வாங்கி, அவன் பில்லை ஒட்டிக் கணக்கு எழுதினேன். மூன்றரை வருடம். ஆடிட்டில் ஒரு குறை இல்லை. பாட்டி ஒருநாள் கேட்டார்: "என்ற டீ கசக்குதா கண்ணு?"

எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்து, பணம் திருட்டுப் போகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எழுதின விதி அது. இங்கே வந்து இறங்கும்போது யாருக்கு உதவியது? விதி போடுகிறவன் தன் ஊரில் எல்லாக் கடையிலும் பில் உண்டு, எல்லாக் கடையிலும் ஒரே டம்ளர் என்று நினைத்துக்கொள்கிறான்.

அடுத்தது சர்வே. திட்டம் தொடங்குமுன் 'பேஸ்லைன்' எடுக்க வேண்டும். நாங்கள் தயாரித்த படிவத்தில் சாதிக்கு ஒரு கட்டம் இருந்தது. பட்டியல் சாதி என்று மட்டும் எழுதினால் போதாது, உட்சாதியும் எழுத வேண்டும் என்று நான் சண்டை போட்டு வைத்த கட்டம் அது. அருந்ததியருக்குத் தனி 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009ல் வந்ததே எண்ணிக்கையைக் காட்டிப் போராடியதால்தானே. படிவம் போய்த் திரும்பி வந்தபோது கட்டம் காணாமல் போயிருந்தது. அது 'உணர்வுபூர்வமான தனிநபர் தகவல்' என்று குறிப்பு. பதிலாக 'நலிவுற்ற குடும்பம்: ஆம் / இல்லை.' மில் ஏஜெண்ட் சாதி பார்த்துத்தான் வளவுக்கு வருகிறான். ஆஸ்டலில் எந்த அறை என்பதும் சாதி பார்த்துத்தான். கணக்கெடுக்கிற நாங்கள் மட்டும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

இது ஏதோ ஒரு அதிகாரியின் கிறுக்கு என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2001ல் டர்பனில் அய்.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தபோது, தலித் மனித உரிமைகளுக்கான தேசியப் பிரச்சார இயக்கம் சாதியை அந்த மாநாட்டின் பிரகடனத்தில் எழுத வைக்க எவ்வளவோ போராடியது. இந்திய அரசு முழு பலத்தோடு எதிர்த்தது. எழுதவில்லை. அடுத்த ஆண்டே இன ஒதுக்கல் ஒழிப்புக் குழு, பிறப்பு வழியான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று விளக்கம் தந்தது. ஆனாலும் 2015ல் உலக நாடுகள் எல்லாம் கூடி 17 இலக்குகள், 169 உள்இலக்குகள் என்று நீடித்த வளர்ச்சிக்கு ஒரு பட்டியல் போட்டபோது, வயது, பால், ஊனம், இனம், மதம் எல்லாம் பேர் சொல்லி வந்தன. சாதி என்ற சொல் வரவில்லை. 'இன்ன பிற' என்பதற்குள் நாம் இருக்கிறோமாம். ஆக, சோமனூர் வளவில் என் படிவத்தில் அழிந்த கட்டம் நியூயார்க்கிலேயே அழிந்த கட்டம்தான்.

டேவிட் மோஸ் என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர் இதைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுக் கிராமங்களை நன்கறிந்தவர், மேற்கு இந்தியாவில் பிரிட்டிஷ் உதவித் திட்டமொன்றில் ஆலோசகராகவும் இருந்தவர். திட்டம் எப்படித் தன் வெற்றியைத் தானே எழுதிக்கொள்கிறது என்று 2005ல் அவர் புத்தகம் போட்டபோது, கூட வேலை பார்த்த சகாக்களே அதை வெளியிடவிடாமல் தடுக்கப் பார்த்தார்கள், அவருடைய பல்கலைக்கழகம் வரைக்கும் புகார் போயிற்று. படித்த வெள்ளைக்காரப் பேராசிரியருக்கே அந்தக் கதி. 9,500 ரூபாய் களப்பணியாளன் வாயைத் திறந்தால்?

திறக்காததைத்தான் இப்போது சொல்ல வேண்டும். 2018 என்று நினைவு. நிதி தருகிற அமைப்பிலிருந்து ஒரு அம்மையார் பார்வையிட வந்தார். நல்ல மனுசி, தரையில் உட்கார்ந்தார், பாட்டி கொடுத்த டீயைக் குடித்தார். வளவுப் பெரியவர் ஒருவர் எழுந்து பேசினார். வீட்டுக்குள் தெலுங்கு, தோட்டத்தில் கும்பிட்ட கை, எங்களிடம் கொங்குத் தமிழ் என்று மூன்று நாக்கோடு வாழ்ந்த மனுசன். அன்றைக்குத் தமிழில் பத்து நிமிசம் பேசினார். "பொண்ணுங்களை மில்லுக்கு அனுப்பாதீங்கன்னு சொல்றீங்கொ, செரி. பொணத்தத் தூக்கீட்டுப் போறதுக்கு எங்களுக்கு வழி இல்லீங்கொ. தோட்டத்துக்காரரு வேலி போட்டுட்டாரு. கேக்கப் போனா வேலை இல்லேங்கறாரு. வேலை இல்லீன்னா பொண்ண மில்லுக்குத்தானுங்க அனுப்போணும்?" இதுதான் சாரம். சுடுகாட்டு வழியும் மில் வேனும் ஒரே கயிற்றின் இரண்டு முனை என்று எங்கள் எந்த அறிக்கையை விடவும் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

மொழிபெயர்த்தது நான். என் ஒருங்கிணைப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திட்டத்தில் சுடுகாட்டுக்குத் தலைப்பு இல்லை, பட்ஜெட் இல்லை. அதோடு அந்தத் தோட்டத்துக்காரர் எங்கள் திட்ட ஆலோசனைக் குழுவில் இருந்தார். 'எல்லாத் தரப்பும்' இருக்க வேண்டுமல்லவா? மில் பர்சனல் மேனேஜரும் இருந்தார். நான் ஆங்கிலத்தில் இரண்டு வரி சொன்னேன்: குடும்பங்களின் வறுமை காரணமாகப் பெண்களை அனுப்புகிறார்கள், கூடுதல் விழிப்புணர்வு தேவை என்று கருதுகிறார்கள். அம்மையார் எழுதிக்கொண்டார். பெரியவர் என் முகத்தையே பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பத்து நிமிசம் பேசியது இரண்டு வரி ஆகாது என்பது தெரியாதா? அதற்குப் பிறகு அவர் மீட்டிங்குக்கு வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அவர் செத்தபோது வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடை வழியாகத்தான் தூக்கிப் போனோம். நானும் தோள் கொடுத்தேன்.

மறுநாளே அந்த அம்மையாருக்கு நான் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான் காரணம். வேறு தத்துவார்த்தக் காரணம் எதுவும் இல்லை.

எல்லாம் வீண் என்றும் சொல்ல மாட்டேன். அந்தத் திட்டத்தின் பணத்தில்தான் நம் பெண்களில் ஒன்பது பேர் 2019ல் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். மூன்று வருடம் முடிய ஓரிரு மாதம் இருக்கையில் உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்தவர்கள், 'ஒப்பந்தம் முறிந்தது' என்று பிடித்த பணத்தைத் தராமல் விரட்டப்பட்டவர்கள். தொழில் தகராறு சட்டம் 33சி(2) பிரிவில், எங்களுக்குச் சேர வேண்டியதைக் கணக்கிட்டு வாங்கிக் கொடுங்கள் என்று மனு. ஒன்பது பேரும் பஸ் ஏறிக் கோவைக்குப் போய்க் கையெழுத்துப் போட்ட நாளை மறக்க முடியாது. அதுவரை கச்சேரி என்றால் நம்மைக் கட்டி இழுத்துப்போகிற இடம். அன்றைக்குத்தான் நாம் இன்னொருத்தனை இழுத்துப்போன நாள். அறிக்கையில் அது 'சட்ட உதவி பெற்ற பயனாளிகள்: 9' என்று வந்தது. இலக்கு 8. ஒன்று அதிகம் என்று பாராட்டும் கிடைத்தது.

பிறகு 2020 செப்டம்பர். கொரோனா நடுவே வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தை ஒன்றிய அரசு திருத்தியது. நிதி வாங்குகிற நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு அதைப் பகிர்ந்து கொடுக்கவே கூடாது. நிர்வாகச் செலவு 50 விழுக்காடு வரை என்றிருந்தது 20 ஆனது. பணம் முதலில் புதுடெல்லி ஸ்டேட் பாங்க் கிளையொன்றில்தான் வந்து இறங்க வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2022 ஏப்ரலில் இதைச் சரி என்றது. பெரிய நிறுவனங்கள் தாக்குப்பிடித்தன. அவற்றின் வாலில் தொங்கிய எங்களைப் போன்ற சின்ன நிறுவனங்கள் உதிர்ந்தன. 2021 மார்ச்சில் எங்கள் ஆபீசைக் காலி செய்தோம். நிறைவு விழாவில் ஒன்பது பெண்களுக்கும் சால்வை போர்த்தி, புகைப்படம் எடுத்தோம். வழக்குக் கட்டை யாரிடம் ஒப்படைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. 'வெளியேறும் உத்தி' என்று திட்டத்தில் ஒரு பக்கம் உண்டு, அதில் 'சமூகம் பொறுப்பேற்கும்' என்று எழுதியிருந்தது. எழுதினது யார் என்று கேட்காதீர்கள்.

மனுக்களில் முகவரி ஆபீஸ் முகவரி. வக்கீல் எழுதின கடிதங்கள் பூட்டிய கதவுக்கு வந்து திரும்பின. சின்னம்மா வந்து நின்ற பிறகுதான் நான் கோவைக்குப் போய் விசாரித்தேன். 2022லேயே ஆஜராகாததால் தள்ளுபடி. ஒன்பது மனுவும்.

இந்த இடத்தில் சில தோழர்கள் சிரிப்பது கேட்கிறது. "அப்பவே சொன்னோமே, என்.ஜி.ஓ. என்றால் ஏகாதிபத்தியத்தின் கைக்கூலி, போராட்ட உணர்வை மழுங்கடிக்க வந்தவன்." சொன்னீர்கள் தோழர்களே, துண்டறிக்கை போட்டுச் சொன்னீர்கள். ஆனால் அந்தப் பெண்கள் மில்லுக்குள் இருந்தபோது உங்கள் சங்கத்துச் சந்தாப் புத்தகம் வளவுக்கு வந்ததா? அவர்கள் 'அப்ரண்டீஸ்', நிரந்தரத் தொழிலாளி இல்லை, சங்கத்தில் சேர்க்க முடியாது என்று சொன்னது யார்? வர்க்கம் என்று பேசிய உங்கள் படிவத்திலும் சாதிக்குக் கட்டம் இல்லைதானே?

வெளிப்பணமே தீட்டு என்பதும் எனக்கு உடன்பாடில்லை. 1920ல் பாபாசாகேப் 'மூக்நாயக்' தொடங்க சாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டார். ஆனால் அந்தப் பத்திரிகையில் என்ன எழுதுவது என்பதற்கு மகாராஜா சட்டகம் அனுப்பவில்லை. 1907ல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்று விலையையே பேராக வைத்து நடத்தினார். அந்தக் காலணா அரையணாவைக் கொடுத்தவனுக்குத்தான் அது பதில் சொன்னது. பணம் எங்கிருந்து வந்தாலும் கணக்கை எந்த வாசலில் நின்று சொல்கிறோம் என்பதுதான் என் கேள்வி. நான்கு வருடத்தில் ஆறு மாதத்துக்கொருமுறை வட அய்ரோப்பாவுக்குக் கணக்குச் சொன்னேன், ஒரு தடவைகூட வளவு முக்கில் நின்று "இவ்வளவு பணம் உங்க பேரில் வந்தது, இப்படிச் செலவாச்சு" என்று வாசித்ததில்லை. டெல்லிக்காரன் சட்டம் போட்டு ஆபீசை மூடியபோது வளவு ஏன் தெருவுக்கு வரவில்லை என்று நாங்கள் வருத்தப்பட்டோம். எதற்கு வருவார்கள்?

இப்போது நிதியின் ஊற்றே வற்றுகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியது, ஜூலையில் யு.எஸ்.எய்ட் நிறுவனத்தையே மூடியது. பிரிட்டனும் தன் உதவியைக் குறைப்பதாக அறிவித்துவிட்டது. விசித்திரம் என்னவென்றால், நம் களப்பணியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிற அந்த நான்கு கட்டச் சட்டகம், 'லாக் பிரேம்', 1969ல் யு.எஸ்.எய்ட்டுக்காகத்தான் உருவாக்கப்பட்டது. பெற்ற வீடு இடிந்துவிட்டது, சட்டகம் மட்டும் இன்னும் எல்லா விண்ணப்பத்திலும் உட்கார்ந்திருக்கிறது.

வேறு வழியே இல்லையா என்றால், திண்டுக்கல்லைப் பாருங்கள். 2021 ஜனவரியில் ஜெயஸ்ரீ கதிரவேல் என்ற தலித் பெண், ஆயத்த ஆடைத் தொழிலாளி, கொலை செய்யப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். தலித் பெண்கள் தலைமையேற்கிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடவில்லை. ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் வாங்கியது. எச் அண்ட் எம் கையெழுத்திட்டது, பிறகு கேப், பி.வி.எச். நிறுவனங்களும் வந்தன. 25 தொழிலாளிக்கு ஒருவர் என்று தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள். ஆலை மீறினால் வாங்குகிற கம்பெனி நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாடும் அதில் பேர் சொல்லி எழுதப்பட்டது. எங்கள் படிவத்தில் அழிக்கப்பட்ட அதே சொல். அங்கேயும் வெளிநாட்டுத் தொடர்பு இருந்தது, வெளிநாட்டுக் கூட்டாளிகள் இருந்தார்கள். ஆனால் சந்தா கட்டின உறுப்பினர் இருந்தார்கள். 'பயனாளி' இல்லை. அது எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று நான் கதை விடவில்லை, ஒரு கொலை நடந்த பிறகுதான் வந்தது என்பதையும் மறக்கவில்லை.

சரி, நம் கதைக்கு வருகிறேன். ஒன்பது பேரில் இரண்டு பேர் கல்யாணம் ஆகி ஊர் மாறிவிட்டார்கள், ஒருத்தியின் நம்பர் கிடைக்கவில்லை. மிச்சம் ஆறு பேர். தள்ளுபடியை ரத்து செய்யவும் தாமதத்தை மன்னிக்கவும் மனுப் போடலாம் என்கிறார் வக்கீல் தோழர். கட்டணம் வேண்டாம் என்றுவிட்டார், படிச் செலவும் டைப் செலவும் நம்முடையது. அந்த ஆறு பேரையும் உட்காரவைத்துப் போன ஞாயிற்றுக்கிழமை வளவில் கூட்டம் போட்டோம். நான் செய்ததையும் செய்யாததையும், மொழிபெயர்ப்பு உட்பட, சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சின்னம்மா சொன்னார்: "பேசுனது போச்சாது. இனி அட்ரசு எங்கூட்டு அட்ரசு போடு." அப்படியே போட்டிருக்கிறோம். வீட்டுக்கு 20 ரூபாய் என்று முதல் மாதம் 740 ரூபாய் சேர்ந்தது. கணக்கு நோட்டு பாட்டியின் டீக்கடையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். டீச் செலவுக்குப் பில் இல்லை.

சட்டக் கல்லூரியிலும் மற்றக் கல்லூரிகளிலும் படிக்கிற தோழர்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு பேர் முறைவைத்து வந்தால் போதும். கோர்ட்டில் என்ன பேசினார்கள் என்று வளவில் வந்து சொல்ல ஆள் வேண்டும், முழுசாகச் சொல்ல வேண்டும், பத்து நிமிசம் பேசினால் பத்து நிமிசம். முதல் வாய்தாவுக்கு நானும் சின்னம்மாவும் போகிறோம். சோமனூர் ரயில் நிலையத்தில் நிற்போம், மஞ்சள் பையைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

– ஆசிரியர்